ஏன் கையை நீட்டிக்கொண்டு நடக்கிறார்கள்?

எங்காவது போர் என்று செய்தி வந்தால் போதும், "ஒரு அணுகுண்டைப் போட்டு முடிச்சுவிட வேண்டியதுதானே" என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதிவிடுகிறார்கள். போன முறை எழுதியவர் ஒரு டாக்டர். நான் தீக்காய வார்டில் வேலை பார்ப்பவன், அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஒரு ஓவியம்தான் ஞாபகம் வந்தது.

அதை மனைவியோடு சேர்ந்து வரைந்த இரி மருக்கி ஹிரோஷிமாக்காரர், மையில் வரைபவர். 1945 ஆகஸ்டில் குண்டு விழுந்த மூன்றாம் நாள் சொந்தபந்தங்களைத் தேடிப் போனார். ஆயில் பெயின்டிங் வரையும் மனைவி தோஷி பிறகு போய்ச் சேர்ந்தார். பார்த்ததைப் படமாக்க ஐந்து வருஷம் ஆனது. 1950இல் வந்த முதல் ஓவியத்தின் பெயர் 'ஆவிகள்'. ஆளுயரம், ஏழு மீட்டர் நீளம், அதில் துணி எரிந்துபோன ஒரு கூட்டம் கைகளை முன்னால் தூக்கிப் பிடித்தபடி நடந்து வருகிறது, தோல் கந்தலாகத் தொங்குகிறது. கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். தோல் உரிந்த சதை உடம்பில் உரசினால் உயிரே போகும், அதனால்தான் கையை விலக்கிப் பிடிப்பது. ஸ்டவ் வெடித்து ஆட்டோவில் வந்து இறங்குகிற பெண்களும் அப்படியேதான் வாசலில் நிற்பார்கள்.

மூன்றாவது ஓவியம் 'தண்ணீர்'. பெரிய தீக்காயத்தில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும், தாகம் அடங்காது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடம்பில் 40 சதவீதம் வெந்திருந்தால் 24 மணி நேரத்தில் சுமார் 8 லிட்டர் ரிங்கர் லாக்டேட் (நரம்பில் ஏற்றும் உப்புநீர்) கணக்கு, அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் ஏறியாக வேண்டும். ஒருவருக்கே இவ்வளவு. ஹிரோஷிமாவில் டாக்டர்களிலும் நர்ஸ்களிலும் பெரும்பாலோர் செத்தோ அடிபட்டோ கிடந்தார்கள், டிரிப் யார் போடுவது? தண்ணீர் கொடுத்தால் செத்துவிடுவார்கள் என்று வேறு சொல்லியிருந்ததால், கேட்டவர்களுக்குக் கொடுக்காமல் விட்டவர்கள் அதைச் சாகும்வரை மறக்கவில்லை.

இந்தத் தம்பதி தங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் அழுதுவிட்டு நிற்கவில்லை, எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்ததே அதனால்தான். ஹிரோஷிமாவில் செத்த அமெரிக்கப் போர்க்கைதிகளை 1971இல் வரைந்தார்கள், 1972இல் கொரியர்களை: பிணமான பிறகும் கடைசிவரை யாரும் எடுக்காமல் விட்டதால் காக்கைகள் மொய்த்தவர்களை. அப்புறம் ஜப்பான் ராணுவம் சீனாவின் நான்கிங் நகரத்தில் செய்த படுகொலையையும் வரைந்தார்கள். அணுகுண்டு வரிசையில் 32 வருஷத்தில் 15 ஓவியங்கள். 14 ஓவியங்கள் அவர்கள் டோக்கியோவுக்குப் பக்கத்து சைதாமாவில் 1967இல் திறந்த ஓவியக் கூடத்தில் இருக்கின்றன, கடைசி ஒன்று நாகசாகியில்.

போன வாரம் 'ஆவிகள்' படத்தை வார்டில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பையனிடம் போனில் காட்டினேன். பழக்க தோஷம், உடம்பில் எவ்வளவு வெந்திருக்கிறது என்று சதவீதம் போட ஆரம்பித்தான்: கை ஒன்றுக்கு ஒன்பது, மார்பும் வயிறும் பதினெட்டு... மூன்றாவது ஆளிடம் வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.