கனவுல விட்ட உதை, பக்கத்துல படுத்தவங்க மேல விழுந்தா

"இவருக்கு ஒண்ணுமில்ல டாக்டர், எனக்குத்தான் கண்ணு வீங்கிக் கெடக்கு"ன்னு அந்தம்மா சொல்றாங்க, பக்கத்துல அறுபது வயசுக்காரர் தலையக் குனிஞ்சு உக்காந்திருக்காரு. கனவுல நாய் துரத்துச்சாம், கைய வீசினாராம், அது இவங்க கண்ணுல பட்டுருச்சு. கனவு தெளிவா ஞாபகம் இருக்கு, அடிச்சதுதான் தெரியல. பகல்ல அதிர்ந்து பேசாத மனுஷனாம்.

இது ரெம் தூக்க நடத்தைக் கோளாறு, சுருக்கமா ஆர்பிடி. ரெம்னா தூக்கத்துல மூடின கண்ணுக்குள்ள விழி வேகமா அசையற கட்டம், தெளிவான கனவெல்லாம் பெரும்பாலும் அப்பதான் வரும், அந்த நேரம் மூளைத்தண்டு கை கால் தசைய பூட்டி வச்சிரும், அதனாலதான் கனவுல ஓடினாலும் கட்டில்லயே கெடக்கோம். பூட்டு கழண்டுச்சுன்னா கனவுல செய்யறத உடம்பும் செய்யும். 1986லதான் ஷெங்க், மஹோவால்ட்னு ரெண்டு டாக்டருங்க இத தனி நோயா எழுதினாங்க.

தூக்கத்துல நடக்கற வியாதின்னு இத நெனச்சிராதீங்க. அது பெரும்பாலும் பிள்ளைங்களுக்கு, ராத்திரி முன்பாதில, கண்ணு தொறந்தபடி, காலைல கேட்டா ஒண்ணும் தெரியாது. இது விடியற பக்கம், கண்ணு மூடியே இருக்கும், எழுப்பினா சட்டுனு முழிச்சு கனவச் சொல்லுவாங்க. சில டிப்ரஷன் மாத்திரையாலயும் வரும், அதுக்காக நீங்களா நிறுத்தக் கூடாது. தூக்கத்துல மூச்சு தடைபடறவங்களும் இதே மாதிரி கைகால் அடிப்பாங்க, அதான் வீடியோவோட ராத்திரி முழுக்க தூக்கப் பரிசோதனை பண்ணாம நான் முடிவு சொல்றதில்ல.

சொல்லத் தயங்குற விஷயம் ஒண்ணு இருக்கு. அம்பது வயசுக்கு மேல வேற காரணமே இல்லாம இது வந்தவங்கள்ல பாதிக்கு மேல பேருக்கு, பல வருஷம் கழிச்சு கை நடுங்கி நடை மெதுவாகுற பார்க்கின்சனோ அதுக்கு நெருங்கின மறதி நோயோ வருது. நாளைக்கே வரும்னு இல்ல, ஆனா வருஷா வருஷம் நியூராலஜிஸ்ட் பாக்கணும். வாசனை தெரியாமப் போறதும் மலச்சிக்கலும் அந்த நோய்க்கு முன்னறிகுறியா இருக்கலாம், அதான் வாசனை தெரியுதா, மலச்சிக்கல் இருக்கான்னு சம்பந்தமில்லாத மாதிரி கேப்பேன், அவர் யோசிக்கறதுக்குள்ள அந்தம்மா "கேஸ் லீக் ஆனாக்கூட இவருக்குத் தெரியாது"ன்னாங்க.

மெலடோனின், குளோனாசெபாம்னு மருந்து இருக்கு, டாக்டர் சொன்னாதான். அதுக்கு முன்னாடி கட்டில் ஓரத்து கண்ணாடி டம்ளர், கூரான மேஜை எல்லாத்தையும் நகத்துங்க, தூக்கத்துல கை கால் வீசறப்ப போன்ல வீடியோ எடுங்க, எனக்கு அது ரொம்ப உதவும்.

அந்தம்மா போன மாசம் வந்தாங்க. தனிக் கட்டில் போட்டாச்சாம், இப்பவும் எப்பயாவது கத்துறாராம், அடி மட்டும் தலகாணிக்கு விழுதாம்.