ரிசர்வ்: எண்ணெய்க் கணக்கில் ‘இருப்பு’ என்றால் என்ன?

‘பின்னே’ என்று பொருள்படும் ‘ரெ’, ‘காத்தல்’ என்று பொருள்படும் ‘செர்வாரே’ என்னும் இரு இலத்தீன் கூறுகள் சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்ற சொல் ரிசர்வ். அதற்குத் தமிழில் ஒரே நிகர்ச்சொல் கிடையாது. ரயிலில் முன்பதிவு, கல்வியில் இடஒதுக்கீடு, வனத்துறையில் காப்புக்காடு என்று இடத்துக்கு ஏற்ப அது மாறுகிறது. ஆங்கிலத்தில் ‘ஆர்ம்டு ரிசர்வ்’ எனப்படும் காவல்துறையின் ஆயுதப்படை என்ற பெயரிலோ அச்சொல் மொழிபெயர்க்கப்படாமலே உதிர்ந்துபோயிற்று.

எண்ணெய், எரிவாயு பற்றிய செய்திகளில் இதை ‘கையிருப்பு’ என்றும் ‘இருப்பு’ என்றும் எழுதுகிறோம். விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் பாறைக் குகைகளில் அவசரத் தேவைக்கென இந்தியா கச்சா எண்ணெய் சேமித்து வைப்பதற்குக் கையிருப்பு என்ற சொல் மிகப் பொருத்தம். அது வாங்கி, அளந்து வைத்த சரக்கு. நிலத்தடியில் இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கும் எண்ணெய்க்கு அச்சொல் பொருந்தாது. அங்கே ரிசர்வ் என்பது கிடக்கும் எண்ணெய் முழுவதையும் குறிப்பதன்று. இன்றைய தொழில்நுட்பத்தால், செலவுக்குக் கட்டுபடியாகும் வகையில், இனி எடுக்க முடியும் என்று மதிப்பிடப்படும் பகுதியை மட்டுமே குறிக்கிறது.

அந்த மதிப்பீடுதான் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களிடம் கட்டாயமாகக் கேட்பது ‘உறுதிப்பட்ட’ இருப்பை மட்டுமே. நிகழ்தகவு முறையில் கணக்கிட்டால், சொன்ன அளவாவது கிடைக்க 90 விழுக்காடு வாய்ப்பு இருக்க வேண்டும். விலைக்கும் ஒரு விதி உண்டு. முன்பு ஆண்டின் கடைசி நாள் விலையையே எடுத்துக்கொண்டார்கள். 2008 இறுதியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, பன்னிரண்டு மாதங்களின் முதல் நாள் விலைகளுடைய சராசரியை எடுக்கிறார்கள். இதன் விளைவு விசித்திரமானது: 2016இல் விலை வீழ்ந்திருந்தபோது, கனடாவின் கேர்ல் எண்ணெய் மணலில் இருந்த சுமார் 350 கோடி பீப்பாய்களை எக்ஸான்மொபில் தன் உறுதிப்பட்ட கணக்கிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. மணலும் எண்ணெயும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. ‘உறுதிப்பட்ட இருப்பு’ என்ற பெயர் மட்டும் போய்விட்டது.

கனடாவின் சொந்த விதி, 2003இல் வந்த தேசிய ஆவணம் 51-101, உறுதிப்பட்டதைவிட நிச்சயம் குறைந்த ‘வாய்ப்பு மிகுந்த’ இருப்பையும் சேர்த்துச் சொல்லப் பணிக்கிறது. கணக்கிடுவதும் வருங்கால விலைக் கணிப்பின்படியே. பெட்ரோலியப் பொறியாளர் சங்கம் 2007இல் பிற அமைப்புகளுடன் சேர்ந்து வெளியிட்டு 2018இல் திருத்திய வகைப்பாட்டில், அதைவிடவும் நிச்சயம் குறைந்த ‘இயலக்கூடிய’ என்ற மூன்றாம் படியும் உண்டு. உறுதிப்பட்டது என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துவதற்கு விலை இருக்கிறது: 2004 ஜனவரியில் ஷெல் நிறுவனம் 390 கோடி பீப்பாய்களை அந்த வகையிலிருந்து இறக்கியது, அதே ஆண்டில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அபராதம் கட்டியது.

ரஷ்ய மொழியில் இதற்கு வழங்கும் ‘ஸபாஸி’ என்ற சொல்லுக்குச் சேமித்த சரக்கு என்றே பொருள். சோவியத் காலத்து ஏ, பி, சி1, சி2 பிரிவுகள் பாறையை எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்பதையே முதன்மையாக அளந்தன. ஆதாயம் பின்னால் வந்தது. ஆகவே ‘எடுக்கத்தக்க’ என்ற அடைமொழியைத் தனியே சேர்த்தால்தான் அச்சொல் ரிசர்வ் என்பதற்கு அருகில் வருகிறது. 2016இல் நடைமுறைக்கு வந்த புதிய ரஷ்ய வகைப்பாடு பொருளாதாரக் கணக்கைக் கூடுதலாக நாடினாலும், மாஸ்கோவின் எண்ணையும் நியூயார்க்கின் எண்ணையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைப்பது நெல்லையும் அரிசியையும் ஒரே படியால் அளப்பது போன்றதே.

நம் ‘இருப்பு’ என்ற சொல்லும் ‘ஸபாஸி’யின் பக்கமே சாய்கிறது, ‘இரு’ என்ற வேரிலிருந்து பிறந்ததால் ‘அங்கே உள்ளது’ என்றே காதில் விழுகிறது. எனவே நிலத்தடியில் உள்ள முழு அளவுக்கு ‘மொத்த இருப்பு’ என்றும், ரிசர்வ் என்பதற்கு ‘எடுக்கத்தகு இருப்பு’ என்றும், இன்னும் கட்டுபடியாகாத, கண்டறியப்படாத பகுதிகளையும் உள்ளடக்கும் பரந்த சொல்லாக ‘வளம்’ என்றும் பிரித்து வழங்குவதே சரி என்பது என் கருத்து. ‘எடுக்கத்தகு’ என்பது செய்தித் தலைப்புக்குச் சற்று நீளம்தான். ஆனால் அதை விட்டுவிட்டால், கேர்லில் காணாமற்போன 350 கோடி பீப்பாய்களைத் தமிழில் விளக்கவே முடியாது.