டாரட்: துருப்புச் சீட்டின் பழைய வீடு

டாரட் என்பது 78 அட்டைகள் கொண்ட சீட்டுக்கட்டு. அதை வைத்துக் குறி பார்ப்பதற்கும் இன்று அதே பெயர். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடைசி எழுத்து ஒலிக்காது. ‘டாரோ’, ‘தாரோ’ என்பார்கள். நாம் எழுத்துக்கூட்டிப் படித்து ‘டாரட்’ ஆக்கிக்கொண்டோம். நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

இத்தாலியில் இது முதலில் வெறும் ஆட்டம். 1440இல் புளோரன்ஸில் இக்கட்டின் பெயர் ‘திரியோன்ஃபி’, அதாவது வெற்றிகள். ‘தரோக்கி’ என்ற பெயர் 1505இல்தான் ஏடுகளில் வருகிறது. அதன் வேர் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பழைய பெயரின் உறவுச்சொல்தான் ஐரோப்பியர் வழியாக நம்மிடம் ‘துருப்பு’ என வந்தது. நான்கு இனங்களில் 56 சீட்டு, அவற்றை வெட்டிப் பிடி எடுக்க 21 துருப்பு, கூடவே ஒரு கோமாளி. கட்டின் அமைப்பு அவ்வளவுதான்.

அப்படியானால் பலன்கள் எங்கிருந்து வந்தன? 18ஆம் நூற்றாண்டின் நடுவில் போலோஞாவில் எழுதப்பட்ட ஒரு தாளில் சில சீட்டுகளுக்கு ஓரிரு சொற்களில் பலன் இருக்கிறது. 1781இல் பாரிஸில் கூர் தெ ஜெபலின் என்ற எழுத்தாளர், இது எகிப்தியரின் ஞானநூல் என்றார். ‘தார்’ என்றால் வழி, ‘ரோ’ என்றால் அரசன் என்று சொல்லையும் பிரித்துக் காட்டினார். ஆனால் எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் படித்தறிந்ததே 1822இல்தான்! 1785இல் எத்தெய்யா என்பவர் நேர்ப்பலன், தலைகீழ்ப்பலன் என்று வகுத்து அச்சிட்டார். துருப்புகளும் கோமாளியும் சேர்ந்த 22 சீட்டை 22 எபிரேய எழுத்துகளோடு இணைத்துப் பரப்பியவர் 1850களில் எழுதிய எலிஃபாஸ் லேவி.

இன்று கடையில் கிடைக்கும் பலன் புத்தகங்களில் பெரும்பாலானவை 1909இல் லண்டனில் வெளிவந்த, மறைஞான எழுத்தாளர் ஏ. இ. வெய்ட்டின் கட்டைப் பின்பற்றுபவை. படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். வெய்ட் 8ஆம் எண்ணை வலிமைக்கும் 11ஐ நீதிக்கும் கொடுத்தார். பிரான்ஸின் பழைய மார்செய் கட்டில் நீதிதான் 8. அந்தக் கட்டை வைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்து இவர் புத்தகத்தைப் புரட்டினால் பலன் இடம் மாறிவிடும். மார்செய் சிறு சீட்டுகளில் காட்சிப் படமும் கிடையாது, கோப்பைகளும் வாள்களும் எண்ணிக்கைக்கு மட்டுமே.

தமிழில் ஆட்டத்தைச் சொல்லும்போது ‘டாரட் சீட்டு’, குறி பார்க்கும்போது ‘குறிச்சீட்டு’ எனலாம். அந்த 22 சீட்டுக்குக் குறி பார்ப்போர் சொல்லும் பெயரான ‘மேஜர் ஆர்கானா’வைப் ‘பெரும் மறைபொருள்’ என்று பெயர்ப்பது 19ஆம் நூற்றாண்டுப் பூச்சை அப்படியே ஏற்பது, ‘துருப்புகள்’ போதும்.