நீராவிக்குள் இருக்கும் மின்கட்டணம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரவாடை போகாமல் தொங்குகிறது, டிரையர் வாங்கினால் மின்கட்டணம் எகிறிவிடுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எந்த வகை டிரையர் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும்.

துணி உலரச் சூடும் வறண்ட காற்றும் காற்றோட்டமும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். பழைய வகை டிரையர், வெளிக்காற்றை மின்சுருளால் சூடாக்கிச் சுழலும் டிரம்முக்குள் செலுத்தி, ஈரமேறிய காற்றைக் குழாய் வழியே வெளியேற்றிவிடுகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல், அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு, செலவாகிறது. அந்த ஆற்றல் அழியவில்லை. உள்ளுறை வெப்பமாக நீராவிக்குள்ளேயே இருக்கிறது. ஆவியை வெளியே விடும்போது காசு கொடுத்து வாங்கிய வெப்பமும் உடன் போய்விடுகிறது.

ஹீட் பம்ப் டிரையர் அந்த வெப்பத்தை வெளியே விடுவதில்லை. அதில் ஒரே காற்றுதான் மூடிய பாதையில் சுற்றிச் சுற்றி வருகிறது. டிரம்மிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் குளிர்ந்த சுருள் ஒன்றின்மேல் படுகிறது. ஆவி நீராகிச் சொட்டுகிறது. அப்போது அது விட்டுக்கொடுக்கும் உள்ளுறை வெப்பத்தைச் சுருளுக்குள் ஓடும் குளிர்பதனப் பொருள் வாங்கிக்கொண்டு தானும் ஆவியாகிறது. ஃபிரிட்ஜில் இருப்பதைப் போன்ற கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்த, அதன் வெப்பநிலை உயர்கிறது. அடுத்து நிற்கும் சூடான சுருளில், சற்றுமுன் ஈரத்தை இழந்த அதே காற்று அந்த வெப்பத்தைத் திரும்பப் பெற்று, வறண்டு சூடாக மறுபடி டிரம்முக்குள் நுழைகிறது. ஒரு துளியை ஆவியாக்கிய வெப்பமே அடுத்த துளியையும் ஆவியாக்குகிறது. மின்சாரம் பெரும்பாலும் கம்ப்ரசரை ஓட்டவே செலவாகிறது. 8 கிலோ துணியில் 4.8 கிலோ தண்ணீர் இருந்தால் அதை ஆவியாக்க மட்டும் 3.2 யூனிட் வேண்டும். நல்ல ஹீட் பம்ப் டிரையர் 2 யூனிட்டுக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டு அதை முடித்துவிடுகிறது. இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்குகளில் இது ஒன்று.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிகள் 2025 ஜூலை முதல் ஏறக்குறைய இந்த வகை மின் டிரையர்களுக்கு மட்டுமே சந்தையில் இடம் தருகின்றன. ஆனால் சென்னையின் நவம்பர் புழுக்கத்தில் இவை எப்படி உழைக்கின்றன என்பதை நம் பொறியியல் கல்லூரிகளே அளந்து சொல்ல வேண்டும். அத்தகைய எளிய ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கத் தயங்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

டிரையருக்குள் போடுமுன் வாஷிங் மெஷினில் கூடுதல் வேகத்தில் பிழிந்துவிடுங்கள். சுழற்றி வெளியேற்றும் தண்ணீருக்கு உள்ளுறை வெப்பம் தர வேண்டியதில்லை என்பதால் இதைவிட மலிவான சிக்கனம் வேறில்லை. பஞ்சுத்தூசு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைத்தெடுங்கள். அது அடைத்தால் காற்றோட்டம் குறைந்து நேரமும் மின்சாரமும் கூடும். பழைய வகை டிரையர்களில் சேரும் தூசு தீப்பிடிக்கவும் காரணமாகிறது. டிரம்முக்குள் தெரியும் இரண்டு உலோகப் பட்டைகள் துணியின் மின்கடத்தும் திறனைக் கொண்டு ஈரத்தை அறிபவை. துணி மென்மையூட்டியின் படலம் அவற்றின்மேல் படிந்தால் இயந்திரம் ஈரத்தைத் தவறாகக் கணித்துவிடும் என்பதால், அவ்வப்போது வினிகர் தொட்ட துணியால் துடைத்துவிடுவது நல்லது.