அமிலம் பட்டதும் திறக்கும் வழி

“மழைக்காலம் வந்தால் எங்கள் பக்கம் மூட்டுவலிக் காய்ச்சலும் வந்துவிடுகிறது. காலும் பல்லும் இல்லாத வைரஸ் செல்லின் சவ்வைக் கிழித்துக்கொண்டு எப்படி உள்ளே போகிறது?” என்று அருமனையிலிருந்து ரப்பர் பால் வெட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கிழிப்பதே இல்லை. செல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

அவர் சொல்லும் சிக்குன்குனியா வைரஸின் குறுக்களவு சுமார் 70 நானோமீட்டர். கொழுப்புச் சவ்வு ஒன்றைப் போர்த்தியிருக்கும். அதில் இ1, இ2 என்ற புரதங்கள் நிற்கும். இ2 செல்லின் மேலுள்ள ஏற்பி என்ற புரதத்தைப் பற்றுகிறது. மனித செல்லில் அப்படி ஓர் ஏற்பி எது என்பதே 2018-இல்தான் தெரிந்தது. பற்றிய இடத்தில் சவ்வு குழிகிறது. கிளாத்ரின் என்ற மூன்று கால் புரதங்கள் உட்புறத்தில் கூடி அக்குழியை உருண்டையாக்குகின்றன. டைனமின் என்ற இன்னொரு புரதம் அதன் கழுத்தை இறுக்கித் துண்டிக்கிறது. கொலஸ்ட்ராலையும் இரும்பையும் செல் அன்றாடம் எடுத்துக்கொள்ளும் பாதைதான் இது.

இனி வருவதுதான் எனக்கு அலுக்காத பகுதி. விழுங்கப்பட்ட வைரஸ் இன்னும் செல்லுக்குள் போய்விடவில்லை. எண்டோசோம் என்ற பைக்குள் கிடக்கிறது. நடுவில் சவ்வு இருக்கிறது. செல் தன் வழக்கப்படி அந்தப் பைக்குள் ஹைட்ரஜன் அயனிகளை ஏற்றுகிறது. அமிலத்தன்மை கூடிக்கொண்டே போகிறது. அமிலம் கூடக் கூட இறங்கும் பிஹெச் அளவு 6-ஐ நெருங்கும்போது இ2 விலகுகிறது. அதுவரை மறைந்திருந்த இ1-இன் நுனி வெளிப்பட்டு எண்டோசோம் சவ்வில் பதிகிறது. மூன்று இ1-கள் சேர்ந்து நின்று, பிறகு பின்னோக்கி மடங்குகின்றன. மடங்கும்போது வைரஸின் சவ்வும் பையின் சவ்வும் ஒன்றையொன்று நோக்கி இழுபடுகின்றன, கலக்கின்றன, ஒரு துளை விழுகிறது. அதன் வழியே மரபுப்பொருள் செல்லுக்குள் இறங்குகிறது.

ரப்பர் ஷீட் அடிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தட்டில் ஊற்றிய பாலில் பார்மிக் அமிலம் கலந்ததும், அதுவரை விலகி மிதந்த துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன அல்லவா? இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஹைட்ரஜன் அயனிதான்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இதே இ1-இன் சங்கிலியில் 226-ஆவது இடத்தில் அலனின் போய் வேலின் வந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம்! அதனால் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் உடலில் இந்த வைரஸால் எளிதாகத் தொற்ற முடிந்தது. ரப்பர் தோட்டங்களில் பால் பிடிக்கும் சிரட்டையில் மழைநீர் தேங்கினால் முட்டையிடும் கொசு அது. 2007-இல் கேரளத்தில் பரவிய வைரஸில் இந்த மாற்றம் இருந்தது.

அமிலம்தான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சிக்குன்குனியாவுக்கு உறவான செம்லிக்கி வன வைரஸை வைத்து, ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஆரி ஹெலனியஸ் குழுவினர் 1980-இல் வெளியிட்ட சோதனைகள் அருமையானவை. எண்டோசோமின் அமிலத்தைக் குறைக்கும் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைச் சேர்த்தார்கள், தொற்று தடைப்பட்டது. இன்னொரு சோதனையில், குளிரில் வைரஸைச் செல்லின் மேல் ஒட்டவிட்டு, சுற்றியிருந்த திரவத்தைச் சற்று நேரம் அமிலமாக்கினார்கள். பைக்குள் போகாமலே, செல்லின் மேற்புறத்திலேயே சவ்வுகள் கலந்துவிட்டன!

உகாண்டாக் காட்டில் கிடைத்த ஒரு வைரஸைப் பற்றிய ஆய்வு அது. “இதனால் மக்களுக்கு என்ன பயன்?” என்று கேட்டு அன்று பணத்தை நிறுத்தியிருந்தால், நம் ஊர்க் காய்ச்சலைப் பற்றி இன்று இவ்வளவு எழுத முடிந்திருக்காது. அடிப்படை ஆய்வுக்கு நம் அரசுகள் இன்னும் தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் குளோரோகுயின் விழுங்கலாமா? வேண்டாம். ரீயூனியன் தீவில் 2006-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. சோதனைத் தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடப்பதில்லை. மந்திரித்த கயிறும் இ1-ஐத் தடுக்காது. ஓய்வு, நிறையத் தண்ணீர், பாராசிட்டமால், இவைதான் இப்போதைக்குச் சிகிச்சை. மூட்டுவலி தாங்கவில்லை என்று வேறு வலி மாத்திரைகளை நீங்களாக வாங்காதீர்கள்; டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியாகும் வரை அவை ரத்தக்கசிவுக்கு வழிவகுக்கலாம்.