மைண்ட்ஃபுல்னஸ்: ‘நெனப்பு எங்க இருக்கு?’

புழல் பெண்கள் சிறை மாதிரி ஓரிடத்தில் மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் மனசை வைக்கிற பயிற்சியைத் தொடங்கினால், முதலில் இடறுவது பெயர்தான். மொழிபெயர்ப்புக் கருவிகள் ‘நினைவாற்றல்’ என்கின்றன. அது பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு வேண்டியது. ‘விழிப்புணர்வு’ என்றால் டெங்கு ஊர்வலம். ‘மனவிழிப்பு’ அழகான சொல்தான். ஆனால் வாய்தாவுக்கு முந்தின ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருந்தவரிடம் இன்னும் விழிக்கச் சொல்வதா? ‘கவனிப்பு’ வேண்டவே வேண்டாம். ஸ்டேஷனில் ‘நல்லா கவனிச்சாங்க’ என்றால் என்னவென்று வடசென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மூலம் பாலி மொழியின் ‘சதி’, வடமொழியில் ‘ஸ்மிருதி’. நேர்ப்பொருள் நினைவு. 1881-இல் பாலி அறிஞர் ரீஸ் டேவிட்ஸ் அதை மைண்ட்ஃபுல்னஸ் என்று ஆங்கிலமாக்கினார். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஸின் அதை மன அழுத்தத்துக்கான பயிற்சியாக மாற்றினார். தமிழில் புத்தர் சொன்ன எட்டு வழிகளை அடுக்கும்போது இதை ‘நற்கடைப்பிடி’ என்பதுண்டு. இறையனார் களவியல் என்ற அகப்பொருள் இலக்கண நூலின் பழைய உரை ‘கடைப்பிடி’க்குத் தரும் பொருள், கொண்ட பொருள் மறவாமை. (அதை ஆண்களின் நான்கு குணங்களில் ஒன்றாக வைத்தது வேறு கதை!) அருமையான சொல்; ஆனால் ‘விதிகளைக் கடைப்பிடி’ என்று போர்டில் ஏறிவிட்டதால் சிறைக்குள் எடுபடாது.

எழுத்தில் ‘முழுக்கவனம்’ போதும். பேச்சுக்கு ‘நெனப்பு’ இருக்கிறது. ‘நெனப்பு எங்க இருக்கு?’ என்றால் கவனம். ‘நெனப்பு தப்பிடுச்சு’ என்றால் உணர்வு. ‘ஊர் நெனப்பு வந்துச்சு’ என்றால் ஞாபகம். பாலிச் சொல்லின் ஞாபகமும் கவனமும் இதில் ஒன்றாகவே கிடக்கின்றன. ஆகவே வகுப்பில், ‘நெனப்பை இங்க வைங்க’.

எங்கே வைப்பது? மூச்சில் என்பது பாடநூல் பதில். வன்முறைக்கு ஆளானவர்களுக்குக் கண்ணை மூடி மூச்சைப் பார்ப்பதே பழைய பயத்தைக் கிளப்பிவிடலாம். உடம்பை உச்சி முதல் பாதம்வரை கவனிப்பதும் அப்படித்தான். கண் திறந்திருக்கட்டும், முதுகு சுவரோரம் இருக்கட்டும். உள்ளங்காலில் தரை சில்லென்று படுவது, எவர்சில்வர் டம்ளரின் சூடு: இவற்றில் ஒன்றில் நெனப்பை வைத்தால் போதும். முதல் வாரம் மூன்று நிமிடம் தாண்ட வேண்டாம். பிள்ளை ஞாபகம் வந்தால் ‘பிள்ளை நெனப்பு’ என்று மனசுக்குள் பெயர் சொல்லிவிட்டு மறுபடி பாதத்துக்கு. நூறு முறை ஓடினாலும் தப்பில்லை. மனசைக் காலியாக்கச் சொல்கிற பயிற்றுநர்தான் தப்பாகச் சொல்லித்தருகிறார்.

காதில் குரல் கேட்கிறவர், சாகத் தோன்றுகிறவர், போதை விட்டு உடம்பு நடுங்குகிறவர் முதலில் டாக்டரிடம் போக வேண்டும். மாநிலத்தில் ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநலச் சிகிச்சை வசதி இருக்க வேண்டும் என்பது 2017 மனநலச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு.