மேற்கோளை எண்ணுவது எப்படி: சீன அரசியலை ஆராயும் ஒருவரின் கணக்கு

1990களில் சீனக் கிராமங்களில் விவசாயிகள் மேல் வரிக்கு மேல் வரி, கட்டணத்துக்கு மேல் கட்டணம் விழுந்துகொண்டிருந்தது. உள்ளூர் நிர்வாகம் வசூலிக்கும் கட்டணங்கள் முந்தைய ஆண்டின் தனிநபர் நிகர வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1991இல் மத்திய அரசு விதி போட்டிருந்தது. பல இடங்களில் அதிகாரிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அப்போது கிராமத்தார் அந்த அரசாணையின் நகலையே கையில் எடுத்துக்கொண்டு அலுவலக வாசலில் போய் நின்றார்கள். ஹுனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதியில் ஒலிபெருக்கி வைத்து மத்திய அரசின் ஆவணங்களை ஊருக்கே வாசித்துக் காட்டியவர்களும் உண்டு.

அரசு கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டே அரசின் ஆட்களை எதிர்க்கும் இந்த முறைக்குப் பெயர் வைத்தவர்கள் கெவின் ஓ'பிரையனும் லி லியன்ஜியாங்கும். தமிழில் 'உரிமைவழி எதிர்ப்பு' எனலாம். ஓ'பிரையன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். இந்தக் கருத்தை விளக்கி அவர் 'வேர்ல்ட் பாலிடிக்ஸ்' ஆய்விதழில் எழுதிய கட்டுரை 1996இல் வந்தது. இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 2006இல் வந்தது. அந்த நூலை மட்டுமே ஆயிரக்கணக்கான ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன.

சரி, இதை யார் எண்ணுகிறார்கள்? எப்படி?

இந்த யோசனை வந்தது சட்டத் துறையிலிருந்து. ஒரு பழைய தீர்ப்பைக் காட்டி வாதாடும் வழக்கறிஞருக்கு, அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா, பிறகு வந்த நீதிபதிகள் அதை ஏற்றார்களா, தள்ளினார்களா என்று தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவில் 1873 முதலே ஃபிராங்க் ஷெப்பர்ட் தொடங்கிய பட்டியல் இதற்கு உதவியது. யூஜின் கார்ஃபீல்டு என்ற தகவல் அறிவியலாளர் அதைப் பார்த்துத்தான் அறிவியல் கட்டுரைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1955இல் எழுதினார். 1960களில் அவருடைய நிறுவனம் அதைச் செய்தும் காட்டியது. ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் இருக்கும் நூற்பட்டியலை எடுத்து, தலைகீழாகத் திருப்பிப் போடுவதுதான் வேலை. 'இவர் யாரைப் படித்தார்' என்ற பட்டியல் 'இவரை யார் படித்தார்' என்று மாறிவிடும். மேற்கோள்களை எண்ணித் தரும் இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் தளங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒரே ஒரு கட்டுரை ஆளைத் தூக்கிவிடலாம். அதனால் 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-குறியீட்டைக் கொண்டுவந்தார். ஒருவருடைய ஐந்து கட்டுரைகளுக்கு 40, 12, 7, 4, 2 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது நான்கு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் நான்கு இருக்கின்றன. ஐந்து பெற்றவை ஐந்து இல்லை. ஆகவே அவருடைய எச் 4. இப்போது முதல் கட்டுரையின் 40ஐ 4000 ஆக்குங்கள். எச் அப்போதும் 4தான்! தொடர்ந்து எழுதுகிறவரை இந்த அளவுகோல் நன்றாகப் பிடிக்கும். ஒரு துறையின் பேச்சையே மாற்றிய ஒற்றைக் கருத்து அதில் தொலைந்துபோகும். அரசியல் ஆய்வில் இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

துறைக்குத் துறை வேகமும் வேறு. ஆய்விதழ்களை மதிப்பிடும் 'இம்பாக்ட் ஃபேக்டர்' முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளையே கணக்கில் எடுக்கிறது. மூலக்கூறு உயிரியலுக்கு அது பொருந்தலாம். சீனக் கிராமத்தில் பேட்டி எடுத்து, ஆவணம் சேர்த்து, எழுதி, அச்சேற்றிய ஒன்றை அடுத்தவர் படித்து அதன் மேல் தன் ஆய்வைக் கட்டுவதற்குள் அந்த இரண்டு ஆண்டுகள் ஓடிப்போயிருக்கும். அப்புறம், இந்தத் துறையில் நூல்களுக்குத்தான் எடை அதிகம். பழைய தரவுத்தளங்களோ ஆய்விதழ்களைச் சுற்றியே கட்டப்பட்டவை.

பெயரிலும் சிக்கல் உண்டு. 'எல். லி' என்று சுருக்கி எழுதினால் உலகில் எத்தனை ஆராய்ச்சியாளர்கள் அதே பெயரில் நிற்பார்கள்! ஒருவருடைய கட்டுரை இன்னொருவர் கணக்கில் ஏறுவது சாதாரணம். ஒவ்வொருவருக்கும் 16 இலக்க எண் தரும் 'ஆர்கிட்' 2012இல் வந்தது இதைத் தீர்க்கத்தான்.

இத்தனையும் சரியாக எண்ணினாலும், எண்ணிக்கைக்குள் என்ன நடக்கிறது என்பது கண்ணில் படாது. எனக்குப் பிடித்த உதாரணம் யூ ஜியான்ரோங். அதே ஹெங்யாங் பகுதி விவசாயிகளை ஆராய்ந்த சீன அறிஞர் அவர். உரிமைவழி எதிர்ப்பைச் சீன மொழியில் 'யிஃபா காங்ஜெங்' என்பார்கள். 'சட்டத்தைச் சார்ந்து போராடுவது' என்று பொருள். கிராமத்தார் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள் என்றார் யூ. மேலிடம் தலையிடட்டும் என்று காத்திராமல், சட்டத்தையே ஆயுதமாக எடுத்துக்கொண்டு உள்ளூர் அதிகாரிகளை அவர்கள் நேருக்கு நேர் எதிர்க்கிறார்கள் என்பது அவர் வாதம். அதற்கு அவர் வைத்த பெயரும் 'யிஃபா காங்ஜெங்'தான். முதல் எழுத்து மட்டும் வேறு; உச்சரிப்பில் தொனி மட்டும் மாறும். 'சார்ந்து' என்பது 'கொண்டு' என்று ஆகிவிடுகிறது.

கருத்தை உள்வாங்கி, மதித்து, மறுத்து, ஒரே ஓர் எழுத்தை மாற்றி முன்னே நகர்த்திய விவாதம் இது. மேற்கோள் கணக்கில் இதற்கும் 1தான். போகிற போக்கில் ஓர் அடிக்குறிப்பில் ஓ'பிரையன் பெயரைச் சேர்த்த கட்டுரைக்கும் அதே 1.